பலகையில் தொங்கிய மீசை

"கை கழுவாத ஒரே ஒரு ஆளுக்காகப் பாதி பெங்களூரு முழங்கால் தண்ணில இறங்கித் தேடிச்சு. தெரியுமா உங்களுக்கு?" என்றார் கார்த்திகேசன்.

பந்தியில் பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"போலீசு வந்துச்சு. ஃபயர் இன்ஜின் வந்துச்சு. ஹெலிகாப்டர் கூட கேட்டோம். மேகம் ஜாஸ்தியா கீது, நாளைக்குப் பாக்கலாம்னுட்டான். இல்லன்னா அதுவும் வந்திருக்கும்."

மொட்டை மாடிப் பந்தல் குலுங்கச் சிரித்தது. ஆஸ்டின் டவுன் சந்து ஒன்றில், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சஹானாவுக்குக் காது குத்தி முடித்த கையோடு நடந்த விருந்து அது. கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்த சொந்தங்கள் ஒரு வரிசை, நீலசந்திரா, ஈஜிபுரா சொந்தங்கள் எதிர் வரிசை. அத்தனை பேரிலும் சிரிக்காதவர்கள் இருவர்தான். ஒருவன், காது குத்திய குழந்தையை இன்னும் மடியிலிருந்து இறக்காத தாய்மாமன் மஞ்சுநாத். இன்னொருத்தி அவன் தங்கை யாமினி, குழந்தையின் அம்மா. தயிர்ப் பச்சடி வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"மாமா அளக்கறாரு," என்றான் மஞ்சுநாத், யார் முகத்தையும் பார்க்காமல். "அப்பிடி ஒண்ணும் நடக்கவே இல்ல. மழை பேஞ்சுது, அது மட்டும் நெசம்."

யாமினியின் மாமனார் கார்த்திகேசன் சும்மா இருக்கும்போதே எலியை யானையாக்குகிறவர்தான். ஆனால் இந்த யானையை அவர் பொழுதுபோக்குக்காக அவிழ்த்துவிடவில்லை. இரண்டு கவளத்துக்கு முன்னால் தனலக்ஷ்மி பெரியம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். தாய் தகப்பனை இழந்த மஞ்சுநாத்தையும் யாமினியையும் வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசி அந்த இருவருக்கும் பழக்கமே கிடையாது.

"இன்னாடி யாமினி, எப்ப வேலைய விடப் போறே? அம்மா வேலைக்குப் போற வீட்ல பிள்ளை தேறாது. எத்தினி வாட்டி நாள் குறிச்சு எத்தினி வாட்டி ஜுரம்னு தள்ளிப் போட்ட காது குத்து இது! எல்லாரும் இருக்காங்கோ, இங்கியே ஒரு வார்த்தை சொல்லிடு."

"இப்பெல்லாம் நல்லா கீறா பெரியம்மா. மழைக்காலத்துக்கு அப்புறம் ஜுரம்னு படுக்கவே இல்ல."

"அது எப்பிடி? இன்னா மாயம் பண்ணீங்கோ?"

அந்த இடத்தில்தான் கார்த்திகேசன் பாதி பெங்களூரைத் தண்ணீரில் இறக்கினார். இறக்கியதில் கேட்டவர்கள் எல்லாம், இது வெறும் புளுகு என்று முழுசாகக் கரை ஏறிவிட்டார்கள். இனி யாமினி உண்மையைச் சொன்னாலும் அதுவும் மாமனார் புளுகில் ஒரு வாலாகத்தான் தெரியும். மஞ்சுநாத் ஒருவன் சொன்னால் பெரியம்மா நம்புவாள். அவனோ, நடக்கவே இல்லை என்கிறான்.

நடந்ததா இல்லையா என்பதை நாம் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம்.

போன ஜூனில் சஹானா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் மாதத்தில் எழுத்தைக் கற்றாளோ இல்லையோ, வகுப்பில் இருந்த சளி அத்தனையோடும் சிநேகம் பிடித்து ஒவ்வொன்றாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். திங்கட்கிழமை மூக்கு, புதன்கிழமை இருமல், வெள்ளிக்கிழமை ஜுரம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு, அன்றைக்கு அவள் அப்பா விஜய்குமாரின் முறை. வாடகைக் கார் ஓட்டுகிற அவன் இருமும் இருமலில் பின்சீட்டு ஆள் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்வார் என்று சந்தில் பேச்சு.

யாமினிக்கு ஓசூர் ரோட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை. நூல் பிசிறு வெட்டுவதில் ஆரம்பித்தவள், தையல் கற்று, அந்த வருஷம்தான் ஒரு வரிசைக்குச் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். காலையில் மணி அடித்ததும் அத்தனை மெஷினும் ஒன்றாக உறுமி எழும் நிமிஷத்துக்காகவே அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள். ஒரு சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால், எந்த மெஷின், எந்தப் பெண், அவள் வீட்டில் அன்றைக்கு என்ன சண்டை என்பதுவரை சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் சஹானாவின் ஜுரத்துக்காக லீவு போட்டுப் போட்டு, மேனேஜர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஆகிவிட்டாள்.

"நீ இல்லன்னா லைன் நிக்குதும்மா," என்றார் அவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் வருத்தத்தோடு சொல்வதுதான் அதிகமாகச் சுடும்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து, குழந்தை நெற்றியில் ஈரத்துணி போட்டபடி அவள் சொல்லிவிட்டாள்: "தீபாளிக்குள்ள இன்னொரு வாட்டி இவ இப்பிடிப் படுத்தான்னா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

மஞ்சுநாத் மட்டும், "அதுதான் சரி," என்றான். அதே வேகத்தில் தங்கவயலுக்குப் போன் போட்டுப் பெரியம்மாவிடமும் ஒப்பித்துவிட்டான்.

அவன் அந்த வீட்டில் இருந்ததற்குக் காரணம் மழை. ஈஜிபுராவில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம். ஆடியில் அதே ஓட்டை வழியாக அருவியும் பார்க்கலாம் என்று ஆனபோது, பெட்டியோடு தங்கை வீட்டு மொட்டை மாடியில் இருந்த தகரக் கூரை அறைக்கு வந்துவிட்டான். பகலில் ஈஜிபுராவிலேயே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. மருமகள் என்றால் உயிர். அந்த உயிரைக் காப்பாற்ற அவன் சத்துப் பவுடர் டப்பா வாங்கி வருவான். துளசி படம் போட்ட டப்பா, பாதாம் படம் போட்ட டப்பா, புஜத்தை முறுக்கிக் காட்டும் பையன் படம் போட்ட டப்பா. சாமி அலமாரியில் முருகன் ஓரமாக ஒதுங்கி டப்பாவுக்கு இடம் விட்டார்.

டப்பாவைக் கொடுத்த கையோடு குழந்தையைத் தூக்குவான். அந்தக் கையில் அன்றைக்குத் தொட்ட கிரீஸ், பஸ் கம்பி, டீக்கடைக் கிளாஸ், கூட வேலை செய்பவனின் தும்மல் என்று ஈஜிபுராவே இருக்கும். இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தம். யார் தடுப்பது? தாய்மாமனிடம் கையைக் கழுவிவிட்டு வா என்று சொல்வது, மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையிடம் பல் தேய்த்தாயா என்று கேட்பது மாதிரி.

கிளினிக்கில் டாக்டர் ஸ்ரீவித்யா முன்னால் மஞ்சுநாத் அத்தனை டப்பாவையும் மேஜையில் அடுக்கினான். குழந்தையைப் பார்க்க டாக்டர் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

"இதெல்லாம் என்ன?"

"எதிர்ப்பு சக்தி டாக்டர். இதுல எது பெஸ்டுனு சொல்லிட்டீங்கன்னா…"

"சக்தி டப்பாவுல இல்லங்க. முதல் வருஷம் ஸ்கூலுக்குப் போற குழந்தைக்குச் சளி வரத்தான் செய்யும். அடிக்கடி வர்றதைக் குறைக்கலாம். நேரத்துக்குத் தூங்கட்டும். கீரை, முட்டை, பயறு, பழம்னு வீட்ல இருக்கிறதை ஒழுங்கா சாப்பிடட்டும். வெயில்ல ஓடி விளையாடட்டும். பாக்கி இருக்கிற தடுப்பூசியை இன்னிக்கே போட்டுடலாம். அப்புறம் முக்கியமானது, வெளிய இருந்து வர்றவங்க யாரா இருந்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவாம இவளைத் தொடக் கூடாது. சளி பிடிச்சவங்க தள்ளி இருக்கணும்."

"யாரா இருந்தாலுமா டாக்டர்?" என்றாள் யாமினி.

"யாரா இருந்தாலும்."

யாமினி திரும்பிப் பார்த்தாள். அவள் அண்ணன் சுவரில் இருந்த எடைப் பட்டியலை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

மற்றதெல்லாம் எப்படியோ நடந்தது. எட்டு மணிக்கு டி.வி. வாயை மூடியது. முட்டையைப் பார்த்தாலே மேஜைக்கு அடியில் போகிற சஹானா, தாத்தா அதற்கு மிளகில் கண்ணும் கேரட்டில் மூக்கும் வைத்ததும் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். கை மட்டும் வழிக்கு வரவில்லை. விஜய்குமார் மறப்பான். மஞ்சுநாத்திடம் ஜாடையாகச் சொன்னால், "நம்ம கைதானே, வேத்துக் கையா?" என்பான். நேராகச் சொன்னால் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விடுவான்.

கார்த்திகேசன் அந்த வாரம் முழுக்கப் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் எதையோ ஆணி அடிக்கப் போகிறார் என்று பொருள்.

தங்கவயலில் அவர் சுரங்கத்தின் வாயில் பில்லைக்காரராக இருந்தவர். கீழே இறங்குகிறவன் நம்பர் போட்ட தன் பித்தளைப் பில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் எடுத்துக்கொண்டு போவான். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு பில்லை தொங்கினால் ஓர் ஆள் கீழே இருக்கிறான். அவன் கிடைக்கும்வரை, ஆளை இறக்கி ஏற்றும் கூண்டு நிற்காது, பில்லைக்காரன் பலகையை விட்டு நகர மாட்டான். அங்கே மனுஷன் பொய் சொல்லலாம், கடிகாரம் பொய் சொல்லலாம், பில்லை சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டப்பாக்களை எல்லாம் கவிழ்த்தார். பவுடர் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிற்று. அது ஒரு மாதம் துளிர்விட யோசித்தது. மூடிகளில் ஓட்டை போட்டு, ஆளுக்கு ஒன்று என்று சஹானாவிடம் கொடுத்து வரையச் சொன்னார். தாத்தாவுக்குக் கண்ணாடி, அப்பாவுக்கு ஸ்டியரிங், அம்மாவுக்குக் கத்தரிக்கோல், தனக்குப் பூ. மாமாவுக்கு மூடி நிறைய மீசை. வாசல் குழாய் பக்கத்தில் ஒரு பலகை, வீட்டுக்குள்ளே நடைச் சுவரில் வரிசையாக ஆணி.

"கேட்டுக்கோங்க," என்றார். "வெளிய போறப்போ அவங்கவங்க பில்லையைக் குழாயடிப் பலகையில மாட்டிட்டுப் போவணும். திரும்பி வந்ததும் சோப்பு. சோப்பு போட்ட கையால பில்லையை எடுத்து உள்ள மாட்டணும். உள்ள பில்லை இல்லாதவன் இன்னும் வீட்டுக்கு வரல. வராதவனுக்குச் சோறு இல்ல, குழந்தையும் இல்ல."

"இன்னா மாமா இது, மைன்ஸா?" என்று சிரித்தான் மஞ்சுநாத்.

"மைன்ஸ்ல பலகை பேச்சைக் கேட்டவன்தான் தம்பி பேரன் பேத்தி பாத்தான்."

மறுநாள் சாயந்திரம் மஞ்சுநாத் வழக்கம்போல நேராக உள்ளே வந்து கையை நீட்டினான். சஹானா ஓர் அடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ இன்னும் வரல மாமா."

"இதோ நிக்கறேனே கண்ணு!"

"இல்ல. உன் மீசை வெளிய தொங்குது."

தாய்மாமன் போனான், கழுவினான், மீசையோடு வந்தான். யாமினி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையைக் கடித்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு கழுவிய கழுவலில் முனைக் கடைக்காரர் சோப்புக்கென்று தனி அலமாரி அடித்தார். பக்கத்து வீட்டுப் பூனை கூட ஜன்னல் வழியாக வருவதை விட்டுவிட்டுக் குழாயடியைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆவணியில் சஹானாவுக்கு ஒரு சின்னச் சளி வந்தது, ஜுரம் ஏறாமலே போய்விட்டது. யாமினி லீவு போடவில்லை. ஆனாலும் தினம் காலையில் எழுந்ததும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது அவள் மூச்சு ஒரு நிமிஷம் நிற்கும். தீபாவளி இன்னும் வரவில்லை. மழை ஓயவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் வானம் இடிந்து விழுந்தது. யாமினி கம்பெனியிலிருந்து வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. குழாயடியில் கை கால் கழுவி, கத்தரிக்கோலைக் கழற்றினாள். பலகையில் மீசை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. கடைக்குப் போட்டாள். "அவன் மத்தியானமே கெளம்பிட்டானேம்மா, மழை வலுக்கறதுக்கு முன்னாடி," என்றார் முதலாளி. "இங்க ஈஜிபுரால ரோடே தெரியல. தண்ணி இடுப்புக்கு கீது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கார்த்திகேசன் எழுந்துவிட்டார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருக்கிற முகத்தில் சிரிப்பைத் துடைத்து எடுத்தாற்போல இருந்தது. வாசலுக்கு வந்து மீசையை ஒரு தரம் பார்த்தார். பலகைக்குக் கீழே முக்காலியைப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"கோவிந்தனைக் கூப்பிடு," என்றார் மகனிடம். "ஷிஃப்ட் முடிஞ்சு ஒரு பில்லை தொங்குதுன்னு சொல்லு. அவனுக்குப் புரியும்."

கோவிந்தன் தங்கவயலில் கூண்டை இறக்கி ஏற்றிய இன்ஜின்காரர். இப்போது இரண்டு சந்து தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் புரிந்தது. அவர் சொன்ன பழைய சுரங்கத்து ஆட்களுக்கும் புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், அரைக்கால் சட்டையில் பேரன்கள், ஒருத்தர் கையில் வடம், ஒருத்தர் தலையில் பழைய சுரங்கத் தொப்பி. டிஃபன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. பில்லை தொங்கும்போது யாராவது சாப்பிடுவார்களா?

"மாமா, ஒருவேளை மாடியில…" என்று ஆரம்பித்தாள் யாமினி.

"பில்லை இங்க கீது. ஆளு மேல எப்பிடி இருப்பான்?"

அவளும் தங்கவயல்காரி. அவள் அப்பாவும் கூண்டில் இறங்கியவர்தான். அதற்கு மேல் அவளும் மாடிப்படியைப் பார்க்கவில்லை. பில்லை தொங்குகிற ஆளை வீட்டுக்குள் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று அந்தச் சந்தில் படித்தவர் படிக்காதவர் அத்தனை பேரும் நம்பினார்கள். மூடியில் மீசை வரைந்தது ஒரு குழந்தை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

விஜய்குமார் காரில் கொள்ளாத ஆளை ஏற்றிக்கொண்டு போனான். மற்றவர்கள் நடந்தார்கள். ஈஜிபுரா சிக்னலில் முழங்கால் தண்ணீரில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த ஒற்றைப் போலீஸ்காரர், டார்ச் வரிசையைப் பார்த்து மிரண்டு போய், என்ன தொலைந்துவிட்டது என்று கன்னடத்தில் கேட்டார்: "ஏனு களெது ஹோகிதெ?"

"ஆளு சார்," என்றார் கோவிந்தன். "டோக்கன் இதெ, தொங்குது. ஆளு இல்ல."

போலீஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கூடவே விசில் ஊதிக்கொண்டு வந்தார். ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரை இறைக்க வந்திருந்த ஃபயர் இன்ஜின்காரர்களும் விளக்கை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிகளில் கேட்டார்கள், பஸ் ஸ்டாண்டு நிழற்குடைகளில் பார்த்தார்கள், மழைத்தண்ணீர் ஓடும் ராஜகால்வாய் ஓரமாக வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மஞ்சுநாத் என்ற பெயரைக் கேட்டு வேறு மஞ்சுநாத்கள் பல பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே யாமினி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். காலையில் அண்ணனிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்று யோசித்தாள். 'சோப்பைத் தண்ணியிலயே போட்டுட்டுப் போறியே, கரையுது பார்.' அவ்வளவுதான். வேலையை விடச் சொல்லி அவன் பேசிய பேச்செல்லாம் அந்த நிமிஷம் அவளுக்கு நினைவில்லை. அவன் வந்துவிட்டால் போதும், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நடைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது.

மழை சட்டென்று ஓய்ந்தது. தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"அம்மா," என்றாள் சஹானா, வாயில் இட்லியோடு. "மாமா தும்மறாரு."

"மாமா இன்னும் வரல கண்ணு."

"தும்மல் வந்துடுச்சே!"

யாமினி காதைக் கொடுத்தாள். மேலே இருந்து ஒன்று வந்தது. அந்தத் தும்மலை யாரும் வேறு ஒருவருடையது என்று சொல்ல முடியாது. மஞ்சுநாத் தும்மினால் தெருவில் நிற்கிற ஸ்கூட்டருக்கு அலாரம் அடிக்கும்.

அவள் மாடிப்படியில் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. தகர அறையில் தலையோடு கால் போர்த்திய மூட்டை ஒன்று கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து, ஜுரம் ஏறி, மத்தியானமே வந்திருக்கிறான். கார்த்திகேசன் சஹானாவை அழைத்து வரப் பள்ளிக்குப் போயிருந்த நேரம். வெளிப்படி வழியாக, குழாயடி பக்கமே போகாமல், நேராக மேலே. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்துக்கொண்டான். நனைந்த போன் செத்துப் போயிருந்தது. தகரத்தில் கொட்டிய மழையில், கீழே தன் பெயரைச் சொல்லி ஊரே கிளம்பியது அவன் காதில் விழவில்லை.

"எங்கண்ணா போனே?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள் யாமினி. நெற்றி கொதித்தது.

"இங்கதான்… வரக்குள்ள குளிரு. அப்புறம் கழுவிக்கலாம்னு…" என்றான் அவன். "இன்னா ஆச்சு? ஏன் அழுவுறே?"

அவன் போர்வையோடு கீழே இறங்கி வரும்போது, ஆள் கிடைத்துவிட்டான் என்று போன் போய்ச் சேர்ந்து, தேடிப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்து நிறைய ஈர வேட்டி. சேறு அப்பிய கால்கள். மஞ்சுநாத் கடைசிப் படியில் நின்று அவர்களைப் பார்த்தான். அவர்களில் பாதிப் பேரின் பெயர் கூட அவனுக்குத் தெரியாது.

"மாமா!" என்று சஹானா ஓடினாள்.

"கிட்ட வராதே கண்ணு!" என்று கத்தினான் அவன். "மாமாக்கு ஜுரம். அங்கியே நில்லு."

பிறகு யாரும் சொல்லாமல் குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கழுவினான். கார்த்திகேசன் முக்காலியிலிருந்து எழுந்து, மீசையைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"கூண்டு மேல வந்துடுச்சு," என்றார் கோவிந்தன். "எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா, சோறு ஆறுது."

ஜுரம் விடும்வரை மஞ்சுநாத் மாடியிலேயே இருந்தான். ஜன்னல் திறந்தபடி, தட்டும் டம்ளரும் தனியாக. சஹானா கடைசிப் படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்தி அவனுக்குப் பள்ளிக்கூடக் கதை சொல்வாள். அந்தச் சந்தில் அந்த மாதம் இருமாத வீடு கிடையாது. யாமினி காலையில் எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொடுவாள். குளிர்ந்திருக்கும். பஸ்ஸுக்கு ஓடுவாள். தீபாவளி வந்தது, போனது. பலகைதான் காரணமா, வயது ஒன்று கூடியதா என்று கேட்டதற்கு டாக்டர் ஸ்ரீவித்யா, "அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பலகையைக் கழட்டிடாதீங்க," என்றார்.

மஞ்சுநாத் மட்டும் அத்தனை பேரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான், அந்தச் சாயந்திரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று. அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். வீணா என்ற பெண். கை கழுவாததால் காணாமல் போன மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த வீணாவின் அப்பாதான் இப்போது பந்தியில் எதிர் வரிசையில், எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு மஞ்சுநாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்த்திகேசன் அண்ணே, உங்க பேச்சு எனக்கு வேணாம்," என்றாள் தனலக்ஷ்மி பெரியம்மா. "உங்க கதையில கொசு கூட குதிரை சைஸு. யாமினி, நீயும் பேசாதே. நீ பெத்தவ, உன் வேலைக்காக நீ சொல்லத்தான் சொல்வே. மஞ்சு சொல்லட்டும். இவளை வேலைய விடச் சொல்லுன்னு எனக்குப் போன் பண்ணவனே அவன்தான். அவன் நடக்கலன்னா நடக்கல. முடிஞ்சுது பேச்சு."

கோவிந்தன் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். விஜய்குமார் பரிமாறுவதை விட்டுவிட்டு மனைவி பக்கத்தில் வந்து நின்றான். யாமினி அண்ணனைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவன் மரியாதை அவனுடையது. வாளியின் பிடி மட்டும் அவள் உள்ளங்கையில் அழுந்தியது. நாளைக்குக் காலை மணி அடிக்கும்போது மெஷின்கள் அவள் இல்லாமல் எழுமா என்பது இவன் வாயில் இருந்தது.

மஞ்சுநாத் குனிந்து குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுக் கம்மல், அதைச் சுற்றிக் கொஞ்சம் சிவப்பு.

"சொல்ல இன்னா கீது, அவனே சொல்லிட்டானே நடக்கலன்னு," என்றபடி பெரியம்மா இலையை மடித்தாள். எழுந்து, "வாடி என் தங்கமே, பெரிய ஆயாகிட்ட வா," என்று மசாலா அப்பிய கையை அப்படியே குழந்தையின் கன்னத்தை நோக்கி நீட்டினாள்.

"பெரியம்மா, கை!"

கத்தியவன் மஞ்சுநாத். குழந்தையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, பெரியம்மாவின் கைக்கும் குழந்தையின் கன்னத்துக்கும் நடுவில் தன் முழங்கையை வைத்திருந்தான். பிறந்ததிலிருந்து பெரியம்மாவிடம் குரல் உயர்த்தாதவன்.

"இன்னாடா?" என்றாள் பெரியம்மா, நீட்டிய கையோடு.

"சோப்பு போட்டுக் கழுவிக்கினு வந்து தொடு. காது பச்சைப் புண்ணு." சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். நிமிர்ந்து பார்த்தான். பெரியம்மா, வீணாவின் அப்பா, கோவிந்தன், எல்லார் கண்ணும் அவன் மேல். கடைசியாகத் தங்கையைப் பார்த்தான்.

"உனக்கு யாருடா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றாள் பெரியம்மா, மெதுவாக.

மஞ்சுநாத் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அவ வேலைக்குப் போவட்டும் பெரியம்மா. பிள்ளையைப் படுக்க வெச்சது அவ வேலை இல்ல, என் கை." வீணாவின் அப்பா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நடந்துச்சு. அன்னிக்கி தண்ணில இறங்கி அத்தினி பேரும் தேடினது என்னைத்தான்."